கொலஸ்ட்ராலுக்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல்: எடுப்பதென்றால் எப்படி எடுப்பது

சாயங்காலம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஜ்ஜி வண்டி நின்றால் எண்ணெய்ச் சட்டியைக் கவனியுங்கள். முதல் ஈடு போடும்போது எண்ணெய் பொன்னிறமாக இருக்கும். நாலாவது ஈட்டில் கறுக்கும், நுரை தள்ளும், காறல் வாடை கிளம்பும். சூட்டில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கொழுப்போடு சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டது என்று பொருள்.

ஏறக்குறைய இதே வேலை ரத்தக் குழாயின் சுவருக்குள்ளும் நடக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல் துகள் சுவருக்குள் நுழைந்து தங்கும்போது ஆக்ஸிஜன் தாக்கி உருமாறுகிறது. அதை அந்நியப் பொருள் என்று நினைத்து வெள்ளை அணுக்கள் விழுங்கி, கொழுப்பால் உப்பி, அங்கேயே படிந்துவிடுகின்றன. அடைப்புக்கு அதுதான் அடித்தளம். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஸ்டீன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1989இல் இதைத் தெளிவாக எடுத்துவைத்த பிறகு, "கொழுப்பு காறாமல் தடுக்கும் சத்தை, அதாவது ஆன்டி-ஆக்ஸிடன்டைக் கொடுத்துவிட்டால் அடைப்பே வராதே" என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் கேப்ஸ்யூல்கள் கொலஸ்ட்ரால்காரர்கள் வீட்டுக்கு வந்தது இந்த வழியில்தான்.

எண்ணம் நல்லதுதான். சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஸ்டடியில், ஒரு பாதிப் பேருக்குத் தினம் 600 மில்லிகிராம் வைட்டமின் ஈ, 250 மில்லிகிராம் வைட்டமின் சி, 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் ஐந்து வருஷம் கொடுத்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. எல்டிஎல் குறைவதற்குப் பதில் சற்றே ஏறியது. அதே ஆய்வில் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் (ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை) எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன.

ஆக, கீழே சொல்வது கொலஸ்ட்ராலைக் கேப்ஸ்யூலால் கரைக்கும் வழி அல்ல. அப்படி ஒரு வழி இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு சத்து மாத்திரையும் எடுக்கத்தான் போகிறேன் என்பவர், பணமும் உடம்பும் வீணாகாமல் அதை எப்படி எடுப்பது என்பதற்கான வழி. டப்பாவை ஏற்கெனவே வாங்கி வைத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ரிப்போர்ட்

டப்பாவைப் பிரிக்கும் முன்பு ஒரு லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்பு டெஸ்ட், எடுத்து வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டு, காலை ஏழு எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தால் பதினொன்று பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது. முந்தின நாள் கல்யாண வீட்டில் பிரியாணியும் மதுவும் ஆகியிருந்தால் ரெண்டு மூணு நாள் தள்ளிப் போடுங்கள். ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு தேவையில்லாமல் ஏறித் தெரியும்.

ரிப்போர்ட்டில் எல்டிஎல் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பல லேப்களில் அதை நேராக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் ஹெச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிப்பார்கள். மொத்தம் 248, ஹெச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 190 என்றால் 248-இல் 40 போக, 38 போக, எல்டிஎல் 170. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. "டைரக்ட் எல்டிஎல்" என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். மொத்தத்தில் ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் வரும் 208 நான்-ஹெச்டிஎல். சர்க்கரை நோய், தொப்பை, அதிக ட்ரைகிளிசரைடு உள்ளவர்கள் அந்த எண்ணையும் குறித்து வைக்க வேண்டும்.

அதே ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஹெச்பிஏ1சி (மூணு மாதச் சர்க்கரை), எஸ்ஜிபிடி (ஈரல்), கிரியேட்டினின் (சிறுநீரகம்) நான்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் தானாக ஏறும். அப்படிப்பட்டவருக்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தாலே பாதிச் சிக்கல் இறங்கிவிடும். கேப்ஸ்யூல் தேடி அலைய வேண்டாம். எஸ்ஜிபிடி எதற்கு என்றால், மஞ்சள் சாறு, கிரீன் டீ சாறு போன்றவை சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். ஆரம்ப எண் கையில் இருந்தால்தான் பிறகு ஏறியதா என்று சொல்ல முடியும்.

எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அது குடும்பத்தில் வழிவழியாக வரும் கோளாறாக இருக்கலாம். கண் இமையில் மஞ்சள் படிவு, குதிகால் தசைநாணில் கட்டி, அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயசில் மாரடைப்பு என்று ஏதாவது சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், பக்கவாதம் வந்தவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே, பல டாக்டர்கள் 55-க்குக் கீழே என்று இலக்கு வைக்கிறார்கள். அந்த இலக்கைச் சத்து மாத்திரையால் தொட முடியாது. அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லை 35 முதல் 40 சதவீதம் வரை இறக்கும். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அது மலிவு விலையில் கிடைக்கிறது.

எந்தச் சத்து, எவ்வளவு

"ஆன்டி-ஆக்ஸிடன்ட்" என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வைட்டமின் ஈ. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 15 மில்லிகிராம் அளவில்தான். மெடிக்கலில் கிடைக்கும் பச்சை கேப்ஸ்யூலில் 400 இருக்கிறது. லேபிளில் மில்லிகிராமுக்குப் பதில் ஐ.யு. (பன்னாட்டு அலகு) என்று போட்டிருந்தால் மாற்றிப் பார்க்க வேண்டும்: பெயர் "டி-ஆல்ஃபா" என்று தொடங்கினால் இயற்கை வகை, 400 ஐ.யு. சுமார் 268 மில்லிகிராம்; "டிஎல்-ஆல்ஃபா" என்றால் செயற்கை வகை, 400 ஐ.யு. சுமார் 180 மில்லிகிராம். 400 ஐ.யு. அளவை ஹோப் என்ற பெரிய ஆய்வில் பல வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள்; இதயத்துக்கு எந்த நன்மையும் தெரியவில்லை. அதே அளவு தினமும் எடுத்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக செலக்ட் என்ற இன்னொரு ஆய்வு 2011இல் சொன்னது. "வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும்" என்று வருஷக்கணக்கில் போடுகிற பொருள் அல்ல இது. கொலஸ்ட்ராலுக்காக 400 கேப்ஸ்யூலைத் தினம் போடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை. மல்டிவைட்டமினில் 10, 15 மில்லிகிராம் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வைட்டமின் சி. நம் நாட்டுப் பரிந்துரை அளவு ஆண்களுக்கு 80 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவிலேயே 200-க்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 500 மில்லிகிராம் மாத்திரை எடுத்தால் தேவைக்கு மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். 1000-ஐத் தாண்டினால் வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல். ஆண்களுக்குச் சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. வெயிலில் நின்று வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஊர் நம் ஊர். முன்பு கல் வந்தவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

பீட்டா கரோட்டின். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். இழுப்பவர்களும் இருக்கிறார்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் பீட்டா கரோட்டின் கேப்ஸ்யூல் எடுக்கவே கூடாது. ஃபின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களிடம் நடத்திய ஆய்வில் தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994இல் இந்த முடிவு வெளியானபோது ஆய்வு நடத்தியவர்களே அதிர்ந்தார்கள். கேரட், பூசணி, முருங்கைக்கீரை சாப்பிடுவதில் இந்த ஆபத்து இல்லை. மல்டிவைட்டமின் வாங்கும்போது "வைட்டமின் ஏ, பீட்டா கரோட்டினாக" என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோக்யூ10. நம் உடம்பே தயாரிக்கும் பொருள். எல்டிஎல்லைக் குறைக்காது. ஸ்டாட்டின் எடுத்தால் ரத்தத்தில் இதன் அளவு இறங்கும் என்பது உண்மை. ஆனால் இதைக் கொடுத்தால் தசை வலி தீருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்டாட்டின் தொடங்கிய பிறகு தொடை, தோள் வலித்தால் முதலில் டாக்டரிடம் சொல்லி சிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்த டெஸ்ட்), டிஎஸ்ஹெச் பாருங்கள். வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். அதன் பிறகும் முயன்று பார்க்க நினைத்தால் 100 மில்லிகிராம், மதியச் சாப்பாட்டோடு. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் போட்டால் வீண்.

மஞ்சள் சாறு. ரசத்தில் போடும் மஞ்சளையும் கேப்ஸ்யூலையும் ஒன்றாக நினைப்பதுதான் தவறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு சிறு கரண்டி 3 கிராம் என்றால் 90 மில்லிகிராம். 95 சதவீதச் சாறு என்று போட்ட 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 475. அதோடு மிளகுச் சத்தான பைப்பரினும் சேர்த்திருப்பார்கள், குடல் இழுத்துக்கொள்வதற்காக. அந்தப் பைப்பரின் மஞ்சளை மட்டும் இழுக்க விடுவதில்லை. சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். இந்தக் கூட்டணியால் ஈரல் வீங்கியவர்களைப் பற்றிப் பல நாட்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பைப்பரின் இல்லாதது, நாளுக்கு ஒன்று, ஆறாவது வாரத்தில் எஸ்ஜிபிடி.

கிரீன் டீயைக் குடிப்பது வேறு, சாற்றைக் கேப்ஸ்யூலாக விழுங்குவது வேறு. சாற்றில் ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராம் வரை போனால் ஈரல் என்ஸைம் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கண்டது. வெறும் வயிற்றில் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். எல்டிஎல் குறைவதோ சில புள்ளிகள். சர்க்கரை போடாமல் ரெண்டு கப் குடித்துவிட்டுப் போங்கள்.

ரெட் ஈஸ்ட் ரைஸ். இதைத்தான் நின்று படிக்க வேண்டும். நம் ஊர்ச் சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரிசியின் மேல் ஒரு வகைச் சிவப்புப் பூஞ்சையை வளர்த்து எடுப்பது. இதிலுள்ள மோனகோலின் கே போதிய அளவு இருந்தால் எல்டிஎல்லை உண்மையிலேயே இறக்கும், ஏனென்றால் அந்த மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே பொருள். "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இயற்கையாகக் குறைக்கிறேன்" என்று இதை வாங்குபவர் அளவு தெரியாத ஸ்டாட்டினைத்தான் விழுங்குகிறார். ஒரு டப்பாவில் மிகக் குறைவு, இன்னொன்றில் அதிகம் என்று இருக்கும். சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நச்சும் கலந்திருக்கும். அடோர்வாஸ்டாட்டினோடு இதையும் போட்டால் ரெட்டை டோஸ். தசை கரையும் ஆபத்து. சேர்த்து எடுக்கவே கூடாது.

பூண்டு கேப்ஸ்யூல், பட்டைக் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய்? அமெரிக்காவில் 2022இல் வெளியான ஸ்போர்ட் என்ற ஆய்வில் இவற்றோடு மஞ்சள், தாவர ஸ்டெரால், ரெட் ஈஸ்ட் ரைஸ் ஆகியவற்றையும் சேர்த்து ஆறு சத்துப் பொருட்களையும், வெறும் 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினையும் 28 நாள் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை ஏறத்தாழ 38 சதவீதம் இறக்கியது. ஆறில் ஒன்றுகூட மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடச் சொல்லும்படியாக இறக்கவில்லை.

லேகியம், சூரணம் எடுப்பவர்கள் அதில் எவ்வளவு வெல்லம், பனங்கற்கண்டு போகிறது என்று கேளுங்கள். நெல்லிக்காய் லேகியம் ரெண்டு உருண்டையில் சர்க்கரை நோயாளியின் ட்ரைகிளிசரைடு இறங்குவதற்குப் பதில் ஏறலாம். சித்த மருந்து என்றால் உற்பத்தி உரிம எண் டப்பாவில் இருக்க வேண்டும். பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத பற்பங்கள் வேண்டாம்.

லேபிளைப் படிக்கும் விதம்

முன் பக்கத்தில் இதயப் படம் போட்டிருக்கும், அதை விடுங்கள். டப்பாவைத் திருப்பி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும், "ஹெல்த் சப்ளிமென்ட்", "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ரெண்டாவது வரி சட்டப்படி போட வேண்டியது. "இது கொலஸ்ட்ராலைக் குணமாக்கும்" என்று சொந்தக்காரர் மூலமாகவோ தெருமுனைக் கூட்டத்திலோ டப்பா விற்பவரிடம் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்து "பர் சர்விங்", அதாவது ஒரு தடவைக்கான அளவு. எழுதியிருக்கும் அளவு ஒரு கேப்ஸ்யூலுக்கா, ரெண்டுக்கா, மூணுக்கா? 60 கேப்ஸ்யூல் டப்பா மூணு சர்விங் கணக்கில் 20 நாளில் தீர்ந்துவிடும். பதினைந்து மூலிகைப் பெயரை வரிசையாகப் போட்டுக் கடைசியில் "கலவை 500 மில்லிகிராம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட டப்பாவால் ஈரல் கெட்டாலும் எந்தப் பொருளால் கெட்டது என்று டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. வாங்காதீர்கள்.

தொடங்குவது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். மூணு டப்பாவை ஒரே நாளில் பிரித்து, பத்தாம் நாள் உடம்பெல்லாம் அரித்தால் எதைக் குற்றம் சொல்வது? டப்பா மூடியில் தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஸ்டாட்டினை நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதே நேரத்தில் அதே அளவு தொடரட்டும்.

வேறு மாத்திரைகளோடு மோதும் இடங்கள் இவை. வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்தால் வைட்டமின் ஈ, பூண்டு, மஞ்சள் சாறு ரத்தம் நிற்காமல் போக வைக்கலாம். கோக்யூ10 அதற்கு நேர்மாறாக மருந்தின் வேகத்தைக் குறைக்கலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தொடங்கினால் ஒரு வாரத்தில் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் டெஸ்ட்). ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கும் அதே எச்சரிக்கை. பல் பிடுங்க, கண் புரை, வேறு ஆபரேஷன் என்று தேதி வந்தால் ரெண்டு வாரம் முன்பே இவற்றை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

ஸ்டாட்டினோடு நியாசின் (மருந்தாகக் கொடுக்கும் வைட்டமின் பி3) எடுக்கிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. 2001இல் வந்த ஹாட்ஸ் ஆய்வில் அந்தக் கூட்டோடு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் சேர்த்துக் கொடுத்தபோது, நல்ல கொலஸ்ட்ரால் ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. காறலைத் தடுக்கப் போட்ட சத்து மருந்துக்கே முட்டுக்கட்டை போட்டது.

பம்ப்ளிமாஸ் பழம் பிடிக்கும் என்பவர்கள் அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எடுக்கும் காலத்தில் அதைத் தவிருங்கள். மருந்தை உடைக்கும் என்ஸைமை அது தடுக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் ஸ்டாட்டினைப் பற்றியும் கேப்ஸ்யூலைப் பற்றியும் முதலிலேயே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

வெயிலும் டப்பாவும்

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது அதிசயமில்லை. ஜெலட்டின் கேப்ஸ்யூல் அந்தச் சூட்டில் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, குலுக்கினால் சத்தம் வராமல் ஒரே கட்டியாக நிற்கும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு மதியம், அடுப்புக்கு மேல் அலமாரியில் ஒரு வாரம், மே மாதம் பார்சல் வண்டியில் மூணு நாள், எதுவும் போதும். ஒட்டிய கேப்ஸ்யூலைப் பிரித்து எடுக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒன்றை ஊசியால் குத்தி, ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். நல்ல மீன் எண்ணெய் லேசாகத்தான் மணக்கும். பெயின்ட் வாடை, காறல் வாடை வந்தால் அது ஆக்ஸிஜன் தாக்கிய எண்ணெய். காறலைத் தடுக்க வாங்கிய பொருளே காறிப்போயிருக்கிறது. 30 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாத, ஈரமில்லாத அலமாரி போதும். டப்பாவுக்குள் வரும் சின்ன சிலிக்கா பொட்டலத்தை எடுத்து எறியாதீர்கள்.

எட்டாவது வாரம்

மறுபடி லிப்பிட் ப்ரொஃபைல்: அதே லேப், அதே நேரம், அதே பட்டினி. எதையும் மாற்றாமலே ஒருவருடைய எல்டிஎல் ஒரு டெஸ்டுக்கும் அடுத்ததுக்கும் 8 சதவீதம் வரை ஏறி இறங்கும். 150 என்று இருந்தவருக்கு அடுத்த முறை 138 வரலாம், 162-ம் வரலாம். ஆகவே 150 போய் 140 வந்தால் கேப்ஸ்யூல் வேலை செய்தது என்று கொண்டாட வேண்டாம். நடுவில் ஸ்டாட்டின் அளவு கூடியிருந்தாலோ, பிரியாணியை நிறுத்தியிருந்தாலோ அதன் பலனைக் கேப்ஸ்யூல் பறித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. வைட்டமின் சி ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தால், முக்கியமாக ஊசி வழியாகப் பெரிய அளவில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு, கொலஸ்ட்ரால் டெஸ்டின் வேதி வினையிலேயே அது குறுக்கிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையையும் அது ஏமாற்றும். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் தைராய்டு டெஸ்டில் இதே போலத் தவறான எண் பெறலாம். டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்பே இவற்றை நிறுத்திவிட்டு, எடுத்ததை லேபில் சொல்லுங்கள்.

எட்டு வாரத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் டப்பா தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: சிறுநீர் டீ நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத தசை வலி, ஈறில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பது. செலினியம் உள்ள மாத்திரையில் முடி கொட்டி, நகம் உடைந்து, மூச்சில் பூண்டு வாடை வந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

அதே பணத்துக்குத் தட்டில் என்ன வைக்கலாம்

எல்டிஎல்லைச் சோதனையில் இறக்கிக் காட்டிய பொருள் மெடிக்கலிலேயே இருக்கிறது: இசப்கோல் உமி. ஆன்டி-ஆக்ஸிடன்ட் இல்லை, வெறும் நார். நாளுக்கு 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் சுமார் 7 சதவீதம் இறங்கும். குடலில் பித்த நீரைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது; புதிய பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கிறது. முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு கரண்டி. ரெண்டாவது வாரம் காலையிலும் ஒன்று. பிறகு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். முழு டம்ளர் தண்ணீரில் போட்டதும் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். போட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தால் திரும்பி வரும்போது கரண்டி நிற்கிற அளவுக்குக் கூழாகியிருக்கும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும், மலமும் இறுகும். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி, மற்ற மாத்திரைகளுக்கு ரெண்டு மணி நேரம்.

காராமணி, மொச்சை, கொள்ளு ஏதாவது ஒன்று வேகவைத்து ஒரு கிண்ணம் தினம் தட்டில் இருக்கட்டும். எண்ணெயில்தான் வீட்டுக்கு வீடு கோட்டை விடுகிறார்கள். ரேஷனில் வரும் பாமாயிலில் கெட்டிக் கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) கிட்டத்தட்ட பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். தினசரிச் சமையலுக்குப் பாமாயிலை விட்டு, ஆளுக்கு நாளுக்கு மூணு நாலு சிறு கரண்டிக்குள் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்தால் போதும். திருவண்ணாமலை, போளூர்ப் பக்கத்து வேர்க்கடலையில் ஒரு கைப்பிடி, 30 கிராம், சுமார் 2.5 மில்லிகிராம் வைட்டமின் ஈயைத் தரும். வேகவைத்தது, உப்பு குறைத்தது.

இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்தரிக்காய்த் தோலின் ஊதா நிறமே ஒரு ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான். ஆனால் அந்தக் காய் எண்ணெயைக் கடல்பஞ்சு போல உறிஞ்சும். எண்ணெய்க் கத்தரிக்காய் என்ற பெயரில் அரைக் கிண்ணம் எண்ணெய் உள்ளே போகும். முதலில் ஆவியில் முக்கால் வேக்காடு வேகவைத்து, பிறகு ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் ருசியும் கெடாது. ஆம்பூர் பிரியாணியை மாதம் ஒரு முறை, கொழுப்புத் துண்டை ஒதுக்கி, அரைத் தட்டு என்றால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆற்காடு மக்கன் பேடா வேறு கதை: மைதா, கோவா, நெய், எண்ணெயில் பொரிப்பு, பாகு, எல்லாம் ஒரே உருண்டையில். ட்ரைகிளிசரைடு 300 தாண்டியவர் ஒன்றைப் பாதியாக்கி வீட்டில் யாரோடாவது பங்கிட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சத்து மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. "அந்த வைட்டமின் மாத்திரை சார்" என்றால் அவருக்கு எதுவும் புரியாது. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த லேகியம், மாமியாருடைய மீன் எண்ணெய் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு, பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் மேலே வைத்து எடுத்துப் போங்கள்.